பிரேக் கத்துகிறது, முதலாளிக்குக் காது கேட்கவில்லை

தோழர்களே,

கிழக்குக் கடற்கரைச் சாலையில், வைப்பார் விலக்கில் விடியற்காலை நின்று பார்த்திருக்கிறீர்களா? கீழவைப்பாருக்கும் சிப்பிகுளத்துக்கும் மீன் ஏற்றப் போகும் லோடு ஆட்டோக்கள் ஒருபுறம். உப்பளத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களும் டிராக்டர்களும் மறுபுறம். டிராக்டருக்குப் பின்னால் கோர்த்த டிரெய்லரில் தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாக நம் அக்காமார் நின்றுகொண்டு போவார்கள். வேகத்தடைக்கு முன்னால் அந்த டிரெய்லர் மெதுவாகும்போது பல் கூசும்படி ஒரு சத்தம் வரும். கீச்சென்று தொடங்கி ஊளையாக முடியும். டீக்கடையில் நிற்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு பழகிவிட்டது.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரேக் பற்றி எழுத இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் இருபது வருடமாக உப்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறார். போன சீசனில் அவருடைய டிரெய்லர் பிரேக் கத்தத் தொடங்கியது. முதலாளியிடம் சொன்னார்: "மொதலாளி, டிரெய்லர் பிரேக்கு சத்தம் போடுது. ஒருநாள் பட்டறையில விடணும்." முதலாளிக்கு வயது முப்பதுக்குள். அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பதில் இப்படி வந்தது: "எலேய், கத்துனா பிரேக்கு இருக்குன்னு அர்த்தம். போயி லோடை எறக்கிட்டு வா."

நாலைந்து நாள் கழித்துச் சத்தம் தாங்க முடியாமல் வண்டி பட்டறைக்குப் போனது. முதலாளி போனில் சொன்னது ஒரே வார்த்தை: சத்தத்தை மட்டும் நிறுத்து. பட்டறைக்காரர் டிரம்மைக் கழற்றவில்லை. லைனிங்கைப் பார்க்கவில்லை. அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டார். பிரேக் ஷூ டிரம்மைத் தொட்டால்தானே சத்தம்? இப்போது தொடவே இல்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வண்டி அமைதியாக ஓடியது.

அடுத்த வாரம் உப்பு லோடோடு வரும்போது குறுக்கே ஒரு பைக். அண்ணன் பிரேக் அடித்தார். டிராக்டர் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. பின்னாலிருந்து தள்ளி டிராக்டரையே ஒருபக்கமாகத் திருப்பிவிட்டது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த இரண்டு லோடுமேன்கள் கீழே விழுந்தார்கள். ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றைக்கும் அவர் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

வழக்கு யார்மேல்? அண்ணன்மேல். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினாராம். முதலாளி ஸ்டேஷனில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சுவரோரம் நின்றார். வாகன ஆய்வாளர் வருவதற்குள் டிரெய்லரைக் கழற்றி முதலாளியின் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆய்வு டிராக்டருக்கு மட்டும் நடந்தது. விபத்து இயந்திரக் கோளாறால் நேரவில்லை என்று அறிக்கை வந்தது. நாங்கள் நாலு பேர், எல்லோரும் பட்டம் படித்தவர்கள், அங்கே நின்றுகொண்டிருந்தோம். ஒருவருக்கும் 'டிரெய்லர் எங்கே?' என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சத்தம் என்ன சொல்கிறது?

டிரம் பிரேக் ஒன்றும் மாயம் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு இரும்புச் சட்டி, அதுதான் டிரம். அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூ. ஷூவின் முதுகில் லைனிங். பிரேக்கை மிதித்தால் ஷூ இரண்டும் விரிந்து டிரம்மின் உட்சுவரில் உரசும். அந்த உரசலில் வண்டி நிற்கும். மிதியை விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஷூவைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். சின்ன டிரெய்லர்களில் ஆயிலோ கம்பியோ ஷூவை விரிக்கும். துறைமுகத்துக்குப் போகும் பெரிய கன்டெய்னர் டிரெய்லர்களில் காற்றழுத்தம் ஒரு கேம் ஷாஃப்டைத் திருப்பி விரிக்கும். தத்துவம் ஒன்றுதான்.

சத்தங்கள் பலவகை. ஒவ்வொன்றும் ஒன்றைச் சொல்கிறது.

காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் கத்திவிட்டு அப்புறம் அடங்கினால், அது இரவுப் பனியில் டிரம்மில் ஏறிய மேல்துரு. பயப்பட வேண்டாம்.

மிதிக்கும்போதெல்லாம் கீச்சிட்டால் லைனிங் சூட்டில் கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கும், அல்லது உள்ளே தூசி அடைந்திருக்கும், அல்லது ஷூ உட்காரும் மேடைகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கும்.

மிதிக்காதபோதும் சத்தம் வந்தால் ஷூ பின்வாங்கவில்லை என்று பொருள். ஸ்பிரிங் செத்திருக்கும், அல்லது கேம் துருப்பிடித்து இறுகியிருக்கும். பேரிங் போயிருந்தாலும் இப்படிச் சத்தம் வரும். வண்டியை நிறுத்தி ஹப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் நோய் அங்கே இருக்கிறது.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை மட்டும் உரசினால் டிரம் வட்டம் கெட்டிருக்கும், அல்லது விரிசல் விட்டிருக்கும்.

கறகறவென்று இரும்பும் இரும்பும் அரைக்கும் சத்தம் வந்தால் லைனிங் தேய்ந்து ரிவெட் டிரம்மைக் கீறுகிறது. அந்த வண்டி அதற்கு மேல் ஒரு மீட்டர்கூடப் போகக் கூடாது.

இந்தக் கடற்கரையில் இவை எல்லாம் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வரும். காரணம் உப்பு. தூத்துக்குடி மாவட்டத்தில் சுமார் 25,000 ஏக்கரில் உப்பளங்கள் இருக்கின்றன. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிகம் உப்பு விளைவது இங்கேதான். தட்டுமேட்டிலிருந்து ஏற்றும் உப்பில் ஈரம் இருக்கும். அந்த உப்புத் தண்ணீர் டிரெய்லர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டி நேராக அச்சிலும் ஹப்பிலும் இறங்கும். காற்றிலும் உப்பு. வண்டி சும்மா நின்றாலும் காய்ச்சாத கடலுப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங், அட்ஜஸ்டர், கேம் எல்லாம் இறுகும். உப்பு ஏற்றும் டிரெய்லரின் பிரேக்கை மற்ற டிரெய்லரைவிட அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும் என்பது முதலாளிகளுக்குத் தெரியாதா? உப்பில் பணம் எண்ணுபவர்களுக்கு உப்பின் குணம் தெரியும்.

திறந்து பார்ப்பது எப்படி?

பக்கத்து ஊர்ப் பட்டறையில் உட்கார்ந்து ஒருநாள் பாருங்கள். அதற்கு முன்னால் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அண்டக் கொடுக்க வேண்டும். லோடை இறக்கியிருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கியபின் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் யாரும் உள்ளே தலையை விடக் கூடாது. ஜாக்கியை நம்பி உயிரை விட்டவர்கள் உண்டு.

சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுங்கள். பிறகு டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பட்டறையில் வேலை பார்க்கும் பதினெட்டு வயதுப் பையனின் நுரையீரலும் நம் அரசியல்தான்.

லைனிங் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் மாற்ற வேண்டும். கிரீஸோ ஆயிலோ ஊறிய லைனிங்கைத் துடைத்து மாட்டக் கூடாது. கசிவை அடைத்துவிட்டுப் புது லைனிங் போட வேண்டும். ஒரு சக்கரத்துக்கு மாற்றினால் அதே அச்சின் அடுத்த சக்கரத்துக்கும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். டிரம்மில் விரிசல் இருந்தால் தூக்கிப் போட வேண்டும். வரி விழுந்திருந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம், அதற்கும் ஒரு எல்லை உண்டு. வலுவிழந்த ஸ்பிரிங்கை மாற்றி, ஷூ உட்காரும் மேடைகளைச் சுரண்டி, சூடு தாங்கும் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். லைனிங்கில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் அட்ஜஸ்ட்மென்ட். சக்கரம் இறுகும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பிறகு லேசான உரசலோடு சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். காற்று பிரேக் என்றால் ஸ்லாக் அட்ஜஸ்டரின் போல்ட்டை ஷூ டிரம்மைத் தொடும் வரை முறுக்கி, கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னால் விடுவார்கள். பிறகு ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கம்பி எவ்வளவு நீள்கிறது என்று ஒவ்வொரு சக்கரத்திலும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். கடைசியில் ஆளும் லோடும் இல்லாமல் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஆகும் நேரம் ஒரு பகல். அந்த ஒரு பகலைத்தான் அண்ணனுக்குத் தர மறுத்தார்கள். லைனிங் இல்லாத பிரேக்கை முறுக்கிச் சத்தம் காட்டாமல் ஓட்டுவது ஒரு மோசடி. அண்ணனின் டிரெய்லருக்குச் செய்ததுபோல் தளர்த்திவிட்டுச் சத்தத்தை நிறுத்துவது அதைவிடப் பெரிய குற்றம். இந்த நாட்டில் நம்மிடம் பலகாலமாகச் செய்துவரும் வேலையும் இதுதான். கத்துபவனின் வாயை அடைத்துவிட்டு, பாருங்கள், ஊர் அமைதியாக இருக்கிறது என்பார்கள்.

சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 190. இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். கோளாறுள்ள வாகனத்தை அல்லது டிரெய்லரைப் பொதுச்சாலையில் ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளிகள் என்கிறது அந்தப் பிரிவு. டிரெய்லர் என்ற சொல்லே அதில் இருக்கிறது. கோளாறு தனக்குத் தெரியாது என்று தப்பிக்கவும் முடியாது. சாதாரணக் கவனம் எடுத்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய கோளாறாக இருந்தாலே போதும்.

நாலைந்து நாள் ஊரே கேட்கக் கத்திய பிரேக்கைவிடச் சாதாரணக் கவனத்துக்கு எட்டும் கோளாறு வேறு என்ன இருக்கிறது?

2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் கோளாறால் விபத்து நடந்து காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறிய தண்டனைதான். ஓட்டுநர் பக்கம் பாருங்கள். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281, அதிவேகமாக ஓட்டியதற்கு. உயிர் போய்விட்டால் பிரிவு 106(1), ஐந்தாண்டு வரை சிறை. அதே 106(1) ஸ்டீயரிங் பிடித்தவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. கவனக்குறைவான செயலால் மரணத்தை உண்டாக்கும் யாருக்கும் அது பொருந்தும். பிரேக்கைத் தளர்த்தச் சொன்னவரின் பெயரும் அந்தக் குற்றப்பத்திரிகையில் வர வேண்டும் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

இன்னொன்று. டிராக்டர் தனி வாகனம், டிரெய்லர் தனி வாகனம். பதிவு எண்ணும் தனித்தனி. விபத்தில் சிக்கிய வாகனத்தை ஆய்வு செய்யப் பிரிவு 136 வழி செய்கிறது. டிராக்டரை மட்டும் பார்த்துவிட்டு இயந்திரக் கோளாறு இல்லை என்று எழுதினால், அந்த அறிக்கை பாதி வண்டியைத்தான் பார்த்திருக்கிறது.

விவசாயம் என்ற பெயரில் நடக்கும் தந்திரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விவசாயப் பயன்பாட்டுக்கு என்று பதிவான டிராக்டர் போக்குவரத்து வாகனக் கணக்கில் வராது. எஃப்.சி. வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அது ஏற்றுவது நெல்லா, கம்பா? வாடகைக்கு உப்பு. இப்படி ஓடும் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டரின் பின்சக்கர பிரேக்கை நம்பித்தான் டன் கணக்கில் உப்பு வருகிறது. அந்த டிராக்டருக்கும் இடது வலது என இரண்டு பிரேக் மிதி. வயலில் திரும்ப வசதிக்காகப் பிரித்து வைத்தது. சாலையில் இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்க்காமல் ஓட்டி ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழலும். பிரேக் உள்ள டிரெய்லராவது கத்தி எச்சரிக்கிறது. பிரேக் இல்லாதது சத்தமில்லாமல் கொல்கிறது.

மேலே உட்கார்ந்து வருபவர்கள் யார்?

உப்பளங்களில் வேலை செய்வோர் பெரும்பாலும் நிலமில்லாத தலித்துகளும் பிற்படுத்தப்பட்ட சாதிகளின் ஏழைகளும்தான். பாதிக்கு மேல் பெண்கள். வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கியாக வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வரவேற்கிறோம். ஆனால் விடியுமுன் அளத்து வரப்புக்கு எந்த டவுன் பஸ் போகிறது? வண்டி முதலாளி அனுப்புவதுதான். பெரும்பாலும் உப்பு ஏற்றவேண்டிய அதே வண்டி.

மாரி செல்வராஜின் 'வாழை' 2024இல் வந்தது. வாழைத்தார் சுமக்கும் கூலிகள் அந்தத் தார் லாரியின் மேலேயே ஏறித் திரும்புகிறார்கள், லாரி கவிழ்கிறது. இதே மாவட்டத்தில் அவர் தன் சிறுவயதில் கண்டதிலிருந்து எடுத்த கதை. தியேட்டரில் அழுதோம். அழுதபிறகு நம் ஊர் டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தோமா?

விழுந்தவர்களுக்கு இழப்பீடு கிடைப்பதும் லேசில்லை. சரக்கு வாகனத்தில் வெறும் பயணியாக ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதனால் எஃப்.ஐ.ஆரில் எழுதும் ஒரு வரி ஒரு குடும்பத்தின் தலைவிதியாகிறது. 'லிஃப்ட் கேட்டு ஏறினார்' என்று எழுதினால் கதை முடிந்தது. 'முதலாளி அனுப்பிய வண்டியில் கூலி வேலைக்குப் போனார்' என்று உண்மையை எழுதவைத்தால், வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு வேலை கொடுத்தவரே பொறுப்பு என்று 1923 முதல் இந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கும் கொள்கை துணைக்கு வரும். ஸ்டேஷனில் அந்த வரியை எழுதும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் நீங்கள்.

சொல்லப்படும் சாக்குகள்

'டிரைவர் குடித்திருப்பான்.' குடித்திருந்தால் ரத்தப் பரிசோதனை சொல்லட்டும், அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. குடிக்காத ஓட்டுநரையும் குடிகாரன் என்று சொல்லித்தான் நம் தெருவை இவர்கள் பலகாலமாகத் தீர்ப்பெழுதி வருகிறார்கள். டிரைவர் குடித்தாரா இல்லையா என்பது லைனிங்கின் கனத்தை மாற்றாது.

'சின்ன முதலாளி, கடனில் ஓட்டுகிறார்.' உண்மைதான். தாட்கோ கடனில் வண்டி வாங்கிய நம் ஆட்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே விதிதான். பிரேக் பார்க்கும் செலவும் வாடகையில் சேர வேண்டும் என்று உப்பு வியாபாரியிடமும் கான்ட்ராக்டரிடமும் அவர்கள் சண்டை போடட்டும், நாமும் கூட நிற்போம். டன்னுக்கு இவ்வளவுதான் என்று மேலே இருப்பவன் அறுக்கும் விலையைக் கீழே லோடுமேனின் இடுப்பெலும்பில் வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. நம் சாதிக்காரர் ஓனர் என்பதற்காக நம் சாதிக்காரரின் கால் முறிந்தால் வலிக்காமல் இருக்குமா?

'ஸ்பேனர் பிடிப்பதெல்லாம் அரசியலா, தோழர்?' இதை எதிரிகள் கேட்பதில்லை, நம்மவர்களே கேட்கிறார்கள். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களின் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். ரயில்வேயில் அவர்கள் கேங்மேனாகவே தேங்கிக் கிடப்பதையும், பம்பாய் ஆலைகளின் நெசவுப் பிரிவில் அவர்களைச் சேர்க்காததையும் எடுத்து வைத்தார். அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும் என்பதால் சாதி இந்துத் தொழிலாளர்கள் அங்கே அவர்களை விடவில்லை. எந்த இயந்திரத்தை யார் தொடலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது என்று அவர் கண்ணுக்கு முன்னால் காட்டினார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவரும் அவர்தான். வேலை நேரமும் வேலையிடத்துப் பாதுகாப்பும் அவருக்குச் சில்லறை விஷயமாகத் தெரியவில்லை. அவர் படத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளும் நமக்கு மட்டும் டிரம் பிரேக் சில்லறை விஷயமா?

மூளை வேலை உயர்ந்தது, கை வேலை தாழ்ந்தது என்று சொல்லித்தந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். நாலு பட்டதாரிகள் ஸ்டேஷன் வாசலில் நின்றும் டிரெய்லரைக் கேட்கத் தோன்றாமல் போனது அந்தப் பாடத்தின் விளைவு. எங்களுக்குப் பின்நவீனத்துவம் தெரியும், ஸ்லாக் அட்ஜஸ்டர் தெரியாது.

என்ன செய்யலாம்?

ஒன்று. விபத்து என்று தகவல் வந்தால் முதலில் காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அடுத்த வேலை டிரெய்லருக்குக் காவல். கழற்றிக்கொண்டு போக விடாதீர்கள். சக்கரம், ஹப், அட்ஜஸ்டர், இரண்டு பதிவு எண்கள், லோடு எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிரிவு 190ஐச் சேர்க்கவும், டிரம்மைக் கழற்றி டிரெய்லரைத் தனியாக ஆய்வு செய்யவும் எழுத்துமூலம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இரண்டு. ஓட்டுநர்களிடம் பேசுங்கள். பிரேக் கத்தினால் வாயால் மட்டும் சொல்லாமல் முதலாளிக்கு வாட்ஸப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். 'டிரெய்லர் பிரேக் சத்தம் போடுகிறது, பார்க்க வேண்டும்.' தேதியோடு கிடக்கும் அந்த வரிதான் முதலாளிக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி. அண்ணன் அஞ்சு தடவை சொன்னார். ஒருதடவை எழுதியிருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

மூன்று. மழை முடிந்து உப்பு சீசன் தொடங்கும் முன்னால் ஒவ்வொரு உப்பளத்து ஊரிலும் ஒரு பிரேக் நாள் வையுங்கள். ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள்! அவர்களை அழைத்து ஊருக்கு வரும் டிரெய்லர்களைத் திறந்து பார்ப்போம். ஒரு நோட்டில் தேதி, வண்டி எண், லைனிங் கனம், பார்த்தவர் கையெழுத்து. பார்க்க விட மாட்டேன் என்னும் முதலாளியின் வண்டி எண்ணையும் அதே நோட்டில் எழுதுவோம்.

நான்கு. கோரிக்கைகளைக் கூலி உயர்வோடு சேர்த்தே வையுங்கள். ஆளுக்குத் தனி வண்டி, உப்புக்குத் தனி வண்டி. பிரேக் பார்க்கும் நாளுக்கும் ஓட்டுநருக்கும் லோடுமேனுக்கும் சம்பளம். வாடகைக்கு உப்பு ஏற்றும் டிரெய்லர் எதுவானாலும் சரக்கு வாகனமாகப் பதிவு, ஆண்டுதோறும் பிரேக் ஆய்வு.

அண்ணனின் வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா இருக்கும் நாளில் அவருக்கு ஒருநாள் கூலி போகிறது. அந்த முதலாளிக்குப் புது ஓட்டுநர் கிடைத்துவிட்டார், அவரும் நம் தெருப் பையன்தான். போன வாரம் வைப்பார் விலக்கில் அந்த டிரெய்லரைப் பார்த்தேன். வேகத்தடையில் மறுபடியும் கத்தியது.

இந்தத் தடவை அந்தப் பையனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். முதலாளிக்கு அனுப்ப வேண்டிய வரியை இரண்டு பேரும் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். அனுப்பியாகிவிட்டது. நீல டிக்கும் விழுந்துவிட்டது.

இனி அவருக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஜெய் பீம்.